ஆறடிக்கு மேல், நூறு கிலோவுக்கு மேல்: கயாக் வாங்கப்போகிறவர்களின் கேள்விகள்

பெங்களூருவில் கடல் கிடையாது. ஊருக்குள் படகு விடும்படியான ஆறும் கிடையாது. ஆனாலும் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகளிலும் இருக்கும் நம்மவர்களில் கயாக் ஆசை, அதாவது இரு முனைத் துடுப்பால் ஓட்டும் சிறிய ஒடுங்கிய படகின் மேல் ஆசை, உள்ளவர்கள் கணிசம். சனிக்கிழமை காவிரிப் பக்கம் போவார்கள், நீண்ட விடுமுறை வந்தால் முட்டுக்காடு வரைக்கும் போவார்கள். அவர்களில் உயரமானவர்களும் கனத்த உடம்புக்காரர்களும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கடைகளில் இருக்கும் பெரும்பாலான படகுகள் ஐந்தரை அடி, எழுபது எழுபத்தைந்து கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதைத் தாண்டியவர்களுக்காக இந்தப் பதில்கள்.

படகின் விவரத்தில் அதிகபட்ச எடை 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்று போட்டிருக்கிறது. நான் 112 கிலோ. தாராளமாகப் போதும்தானே?

போதாது. அந்த எண் படகு மிதக்கும் எல்லையைச் சொல்கிறது, நன்றாக ஓடும் எல்லையைச் சொல்லவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அதைக் கணக்கிடுவதும் இல்லை. ஒருவர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் அடக்கி வாசிப்பார். அதனால் போட்டிருக்கும் எண்ணில் 70 சதவீதம்தான் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 136 கிலோவில் 70 சதவீதம் 95 கிலோ.

அந்த 95-க்குள் உங்கள் உடம்பு மட்டும் இல்லை. லைஃப் ஜாக்கெட், செருப்பு, மூன்று லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, போனும் சாவியும் போட்ட பை, நனைந்த துணி எல்லாம் சேர்ந்து ஏழெட்டு கிலோ சுலபமாக வந்துவிடும். ஆக உங்கள் கணக்கு 120 கிலோ. அதை 0.7-ஆல் வகுத்தால் 171. எனவே 170 கிலோவுக்குக் குறைந்த படகைப் பார்க்கவே வேண்டாம். மீன் பிடிக்க, முகாம் போட என்று சாமான் ஏற்றுவதாக இருந்தால் இன்னும் மேலே போக வேண்டும்.

எடை கூடினால் என்னதான் ஆகும்? மூழ்கிவிடுமா?

மூழ்காது. ஆனால் சுகமாகவும் இருக்காது. 10 அடி நீளம், 30 அங்குல அகலமுள்ள சாதாரணக் கயாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர் இருக்கும். ஒரு கிலோ எடை ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு 16 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 75 கிலோ ஆள் உட்கார்ந்த இடத்தில் 115 கிலோ ஆள் உட்கார்ந்தால் கூடுதலாக இரண்டரை சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் அங்குலம்.

ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் தண்ணீர் வடிவதற்காக இருக்கைப் பக்கத்திலும் காலடியிலும் துளைகள் இருக்கும். அந்தத் தளம் தண்ணீர்மட்டத்துக்குச் சில அங்குலம்தான் மேலே இருக்கிறது. படகு இறங்கினால் அதே துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். காற்றே இல்லாத அணை நீரில் பதினைந்து நிமிடம் துடுப்பு போட்டதும் உட்காரும் இடம் குளமாகிவிட்டது என்றால், படகில் ஓட்டை இல்லை, எடைதான் காரணம். துளைகளை அடைக்க ரப்பர் மூடிகள் கிடைக்கும். ஆனால் மூடிவிட்டால் மேலிருந்து தெறிக்கும் தண்ணீர் வடிய வழியில்லை.

இன்னொன்று, அமிழ்ந்த படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு இழுப்புக்கும் கூடுதல் பலம் வேண்டும். திரும்பவும் அடம் பிடிக்கும்.

நான் ஆறடி மூன்று அங்குலம், எடை 82 கிலோதான். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எடைக் கணக்கு உங்களைத் தொந்தரவு செய்யாது. உங்கள் பிரச்சினை கால். என்னைக் கேட்டால், எடையைவிடக் காலும் பாதமும்தான் அதிகம் பேருக்குப் படகைக் கசக்க வைக்கின்றன. எடை சரியில்லை என்றால் படகு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். கால் சரியில்லை என்றால் அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும், படகு மூலைக்குப் போய்விடும்.

முதலில் உயரத்தை விட்டுவிட்டு உட்காலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுவரோடு ஒட்டி வெறுங்காலில் நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடிக்க வேண்டும். ஆறடி மூன்றில் இருவர் இருந்தால் ஒருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும், மற்றவருக்குக் கால் நீளமாக இருக்கும். இருவருக்கும் ஒரே படகு பொருந்தாது.

பிறகு படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தரையிலேயே பார்க்கலாம், தண்ணீர் தேவையில்லை. முதுகு சாய்மானத்தில் பட உட்காருங்கள். முன்பாதம் கால்மிதியில் அழுந்த வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். கால்மிதி ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். கடைசிப் பள்ளம் வரை தள்ளிய பிறகும் முழங்கால் மார்பை நோக்கி எழும்பினால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை. அதேபோல, கால் நேராக நீட்டித்தான் உட்கார முடிகிறது என்றாலும் ஆகாது. தொடையின் பின்தசை இழுத்து இடுப்பைப் பின்னால் சாய்த்துவிடும்.

உள்ளே உட்காரும் கயாக் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கையால் முழங்காலைப் பிடித்து நெம்பாமல், இடுப்பைத் தூக்கி ஒரே வீச்சில் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். முழங்கால் காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பில் சிக்கினால், கவிழ்ந்த படகுக்குள் தலைகீழாக இருக்கும்போதும் சிக்கும். இதில் சமாதானமே கிடையாது. காக்பிட் திறப்பு நீளமாக இருக்கும் படகுகளைத் தேடுங்கள். வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பங்கோ 120 இதற்கு நல்ல உதாரணம். 12 அடிக்குச் சற்று மேல் நீளம், 29 அங்குல அகலம், விசாலமான திறப்பு, 325 பவுண்டு கொள்ளளவு. 70 சதவீதக் கணக்கில் அது 103 கிலோ வரை தாங்கும்.

ஷூ அளவு 12. பாதம் மேல்தட்டில் இடிக்கிறது. என்ன செய்ய?

முதலில் ஷூவைக் கழற்றிவிட்டு மெல்லிய ரப்பர் காலுறையோடு முயன்று பாருங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவே ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். அப்போதும் இடித்தால் கால்மிதியைக் கழற்றிவிட்டு, படகுக்குள் தண்ணீர் பரவாமல் குறுக்கே முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் கெட்டி ஃபோம் கட்டையை வைத்து அதில் கால் ஊன்றலாம். பெரிய பாதக்காரர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். தடுப்புச் சுவர் இல்லாத படகில் இது முடியாது.

என் இடுப்பு அகலம். கடையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கைப்பிடி இல்லாத கெட்டி நாற்காலியில் அல்லது ஸ்டூலில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் இடுப்பை உரசுகிற மாதிரி இரண்டு புத்தகங்களை நிறுத்தி, எழுந்து, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதோடு இரண்டு அங்குலம் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய இருக்கை அகலம். கடைக்காரரிடம் படகின் அகலத்தைக் கேட்காதீர்கள். 30 அங்குலப் படகில் இருக்கை 16 அங்குலமாக இருக்கலாம். இருக்கையின் உள் அகலத்தைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். சில படகுகளில் பக்கவாட்டுத் திண்டுகளைக் கழற்றலாம், அது இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலமாவது தரும். மேலே உட்காரும் கயாக்கில் பெரும்பாலும் பக்கச் சுவரே இல்லாததால் இந்தக் கவலை பாதி தீர்ந்துவிடும்.

அகலமான படகு வாங்கினால் கவிழாது என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. படகு சாயாமல் நிற்கும் தன்மை, தண்ணீர்மட்டத்தில் அதன் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. நீளம் மாறாமல் 28 அங்குலத்தை 31 ஆக்கினால், சாய்வை எதிர்க்கும் அந்தப் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. மூன்று அங்குலத்துக்கு இது பெரிய ஆதாயம்.

ஆனால் உயரமானவரின் எடை மேலே இருக்கிறது. உடம்பு நீளமானவர் உட்கார்ந்தால் நெஞ்சும் தோளும் தலையும் அந்த அளவுக்கு உயரத்தில் நிற்கும், படகு சீக்கிரம் ஆடும். இதை அகலத்தால் ஈடுகட்டுவதைவிட இருக்கையைத் தாழ்த்துவது மலிவான வழி. மீன்பிடிக் கயாக்குகளில் இப்போது நாற்காலி மாதிரி உயர்ந்த இருக்கை வருகிறது. முழங்காலுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆறடி மூன்று ஆளை அதில் ஏற்றினால் பக்கவாட்டில் திரும்பித் தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதே நெஞ்சு பதறும். உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற இருக்கை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

மிகவும் அகலமாகப் போனாலும் தொல்லை. 36 அங்குலப் படகில் துடுப்பு பக்கச் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும், வேகமும் வராது. கனத்த உடம்புக்கு 30 முதல் 34 அங்குலம் நல்ல எல்லை. 12 அடிக்கு மேல் நீளம் கிடைத்தால் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஏனென்றால் நீளமும் எடையைத் தாங்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? மேலே உட்காருவதா, உள்ளே உட்காருவதா?

நூறு கிலோவைத் தாண்டியவர் முதல்முறை வாங்குகிறார் என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நடுவில் இருக்கை வைக்க முடிகிற இருவர் கயாக், மேலே உட்காரும் வகை. இதில் தனியாக நடுவில் உட்கார்ந்து ஓட்டலாம். ஓஷன் கயாக் நிறுவனத்தின் மலிபு டூ இந்த வகை. 12 அடி, 34 அங்குல அகலம், கொள்ளளவு 170 முதல் 190 கிலோ வரை சொல்கிறார்கள். காலுக்கு மேல் தட்டு இல்லை, சிக்குவதற்கு எதுவும் இல்லை, விழுந்தால் திரும்ப ஏறலாம். அதே பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த அமைப்பு இருக்கும் எந்தப் படகும் சரி. இருவர் படகு என்று போட்டுவிட்டு இரண்டு இருக்கையையும் முன்னும் பின்னும் அச்சில் வார்த்துவிட்ட மாடல்களைத் தவிருங்கள். தனியாகப் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், காற்று அடித்த பக்கம் படகு திரும்பிக்கொள்ளும்.

உள்ளே உட்காரும் படகு நீண்ட தூரம் போகிறவர்களுக்கு. அதை வாங்குமுன் முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவிழ்ந்த படகில் இருநூறு லிட்டர் தண்ணீர் நிரம்பும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நடு அணையில் தனியாக அதைக் கொட்ட முடியாது.

அபார்ட்மென்டில் எட்டாவது மாடி. 12 அடிப் படகு லிஃப்டில் போகாது. காற்றடைத்தது வாங்கலாமா?

வாங்கலாம், பெங்களூருக்கு அதுதான் நடைமுறை. 12 அடி பிளாஸ்டிக் கயாக் 25 கிலோ இருக்கும், காரின் கூரையில் ராக் வேண்டும், நிறுத்துமிடத்தில் வைத்தால் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் வரும். காற்றடைத்தது ஒரு பையில் அடங்கிவிடும்.

ஆனால் இங்கேயும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும் இன்டெக்ஸ் சேலஞ்சர் கே1 ஒருவர் படகு, கொள்ளளவு 100 கிலோ. 70 சதவீதம் என்றால் சாமானோடு 70 கிலோ. இந்தப் பக்கம் படிக்கிற யாருக்கும் அது ஆகாது. அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கே2 இருவர் படகு, 10 அடி 3 அங்குலம், 180 கிலோ. ஓர் இருக்கையைக் கழற்றிவிட்டு மற்றதை நடுப்பக்கம் நகர்த்தினால் 110, 115 கிலோ ஆள் தனியாக ஓட்டலாம். அமைதியான நீருக்கு மட்டும். டெகாத்லானின் படகுகளையும் கடையிலேயே நேரில் பார்க்கலாம்.

அடிப்பாகம் எப்படிச் செய்யப்பட்டது என்பது கனமானவர்களுக்கு முக்கியம். வெறும் காற்றுக் குழாய் அடிப்பாகம் நூறு கிலோவின் கீழ் நடுவில் வாழைப்பழம் மாதிரி வளையும். உள்ளே நூல்களால் மேலும் கீழும் பிணைத்த, அதிக அழுத்தம் தாங்கும் டிராப் ஸ்டிச் அடிப்பாகம் பலகை போல நிற்கும். விலை கூடுதல்தான். வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். அப்புறம், மதிய வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள். சூட்டில் அழுத்தம் ஏறி ஒட்டு விட்டுவிடும்.

நானும் மச்சானும் ஒரே படகில் போகலாமா? நான் 105, அவர் 98.

இருவரும் சாமானும் சேர்ந்து 215 கிலோ. 0.7-ஆல் வகுத்தால் 307. இரண்டு படகு வாங்குங்கள். உறவும் நீடிக்கும்.

துடுப்பு எவ்வளவு நீளம்?

உயரத்தையும் படகின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறடிக்கு மேல் ஆள், 28 முதல் 32 அங்குலப் படகு என்றால் 240 சென்டிமீட்டர். அதைவிட அகலமான படகுக்கு 250. படகோடு இலவசமாக வரும் துடுப்பு பெரும்பாலும் 210, 220 தான். அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் கைமுட்டி படகில் இடிக்கும், துடுப்பின் தண்ணீர் மடியில் சொட்டும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்க முடிகிற துடுப்பு நல்ல முதலீடு.

லைஃப் ஜாக்கெட்டும் எடைக்குத் தகுந்தபடி பெரிதாக வேண்டுமா?

வேண்டாம். மார்புச் சுற்றளவைப் பார்த்து வாங்குங்கள். மனித உடம்பே பெரும்பாலும் மிதக்கும். பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தலை தண்ணீருக்கு மேல் நிற்க மூன்று முதல் ஐந்தரை கிலோ கூடுதல் மிதப்பு போதும். கொழுப்பு மிதக்கும் என்பதால் தொப்பை உள்ளவருக்குக் குறைவாகவும், ஜிம் உடம்புக்காரருக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். நேர்மாறாக நினைப்பவர்களே அதிகம்.

போட்டு எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, ஒருவரைப் பின்னால் நின்று தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு கிடையாது. வாடகைக்குப் படகு தரும் இடங்களில் தொங்கும் ஆரஞ்சு ஜாக்கெட் பெரிய மார்பைச் சுற்றிப் பூட்டாது. பூட்டாமல் போட்டுக்கொண்டு போவது போடாததற்குச் சமம். படகு பிறகு வாங்கினாலும் ஜாக்கெட்டை முதலில் வாங்கி, போகிற இடமெல்லாம் எடுத்துப் போங்கள்.

விழுந்துவிட்டால் திரும்ப ஏற முடியுமா? இதுதான் என் உண்மையான பயம்.

நியாயமான பயம். பழகினால் முடியும், பழகாமல் முடியாது. படகின் நடுவில், பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் தூரத்து விளிம்பைப் பிடியுங்கள். இப்போது ஏற முயலாதீர்கள். முதலில் காலைப் பின்னால் உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் கிடையாகக் கொண்டு வாருங்கள். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு இழுத்தால் படகு உங்கள் தலைமேல்தான் வரும். கிடையானதும் உதைத்துக்கொண்டே படகை வயிற்றுக்கு அடியில் இழுங்கள். வயிறு நடுவில் வந்ததும் புரண்டு, பின்பக்கத்தை இருக்கையில் வைத்துவிட்டுக் கால்களைக் கடைசியில் உள்ளே எடுங்கள்.

கைப்பலம் போதவில்லை என்றால் ஒரு கயிற்று வளையம் உதவும். படகின் மறுபக்கக் கைப்பிடியில் கட்டி, அடிவழியாக இந்தப் பக்கம் கொண்டு வந்து, தொங்கும் வளையத்தில் கால் வைத்து ஏணி மாதிரி ஏறலாம். கால் சிக்காத அளவுக்கு வளையம் பெரிதாக இருக்க வேண்டும். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில், நண்பர் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள். தானாக மூன்று தடவை தொடர்ந்து ஏற முடியாதவரைக்கும் கரையை விட்டுத் தூரம் போக வேண்டாம்.

பெங்களூருவிலிருந்து எங்கே போய் ஓட்டிப் பார்க்கலாம்?

நகர ஏரிகளை மறந்துவிடுங்கள். நினைத்த ஏரியில் சொந்தப் படகை இறக்க விடமாட்டார்கள். விட்டாலும் நுரை பொங்கி, தீயும் பிடித்த பெல்லந்தூரில் யார் விழுந்து பழகுவது? அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும் போவதால் அங்கேயும் நுரைதான்.

காவிரிக் கரையில் பீமேஸ்வரியில் அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம் இருக்கிறது, கயாக்கும் பரிசலும் உண்டு. வெவ்வேறு அளவு ஆட்கள் உட்கார்ந்து பார்க்கத் தோதான இடம். அது காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதி, ஆற்றில் முதலைகள் உண்டு. அவர்கள் காட்டும் எல்லைக்குள் மட்டும் ஓட்டுங்கள். மஞ்சனபெலே நீர்த்தேக்கம் பெங்களூருக்குப் பக்கத்தில்தான், ஆனால் மூழ்கி இறந்தவர்கள் பலர். தனியாகப் படகோடு போகாதீர்கள். விடுமுறை கிடைத்தால் சாகர பக்கம் ஹொன்னெமரடு, சராவதி அணையின் பின்னீர், அருமையான இடம். சென்னைக்கு ஊருக்குப் போகிறவர்கள் முட்டுக்காடு கழிமுகத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம்.

தாண்டேலி, கோழிக்கோடு பக்கம் ஒயிட்வாட்டர் கயாக், அதாவது நுரைத்துப் பாயும் ஆற்றில் ஓட்டும் கயாக், பழக ஆசை. அதற்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே படகின் அளவைக் கொள்ளளவு லிட்டரில் சொல்வார்கள், ஒரே மாடல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். ஒவ்வொரு அளவுக்கும் நிறுவனமே ஓட்டுநரின் எடை வரம்பைத் தருகிறது, 70 சதவீதக் கணக்கு தேவையில்லை. வரம்பின் மேல் முனையில் நீங்கள் இருந்தால் அடுத்த அளவை எடுங்கள். உயரமானவர்கள் முழங்கால் மடக்கி உட்காரும் அந்த இருப்பில் அரை மணி தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஆசிரியர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

நண்பரைக் கரையில் நிறுத்தி, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது நேர் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படகுக்குள்ளிருந்து தெரியாதது அதில் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் தண்ணீருக்கு மேல் கிட்டத்தட்ட ஒரே அளவு நிற்க வேண்டும். கனமானவர்களுக்குப் பெரும்பாலும் பின்பக்கம் அமிழ்ந்திருக்கும். இருக்கையை ஒரு துளை முன்னால் நகர்த்திப் பாருங்கள். நகராத இருக்கை என்றால் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டை முன்பக்கம் கட்டிவைத்து இன்னொரு போட்டோ எடுங்கள். அப்போதும் மூக்கு தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது என்றால் அந்த மாடலை விட்டுவிட்டு, அதே வரிசையில் ஓர் அடி நீளமானதைக் கேளுங்கள்.